பகலில் ஓடிய என் வண்டி

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடிக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த சமயத்தில் ஆரணியில் நடந்தது இது. அப்போது நான் எம்.எஸ்ஸி. முதல் வருடம். தினமும் விடியற்காலையில் ஆரணியிலிருந்து பஸ் ஏறி வேலூர் போய்ப் படித்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பி வருவேன். என் வகுப்பில் இப்படிப் பாதிப் பேர். வேலூரில் அறை எடுத்துத் தங்கினால் வாடகைக்கே அப்பாவின் சம்பளம் போய்விடும், ஹாஸ்டலைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதனால் சுற்றுவட்டார ஊர்களில் இருந்துகொண்டு பஸ்ஸிலேயே பாதி வாழ்க்கையை ஓட்டினோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி தூங்கும் வித்தையை அந்தப் படிப்புதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

எங்கள் வீடு ஊர்க்கோடியில். விடியற்காலை நேரத்தில் ஷேர் ஆட்டோ கிடைக்காது. அதனால் பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அதைப் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருக்கும் டூவீலர் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் பஸ் ஏறுவேன். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டில் வேலூர் பஸ் என்றாலே ஒரு கசப்பு உண்டு. அம்மாவுக்கு ஒரே தங்கை. தாத்தா சீக்கிரம் போய்விட்டதால் என் அப்பாதான் சித்தியைக் காலேஜில் சேர்த்துப் படிக்க வைத்தார். அவளும் இதே பஸ்ஸில்தான் போய்வந்தாள். பஸ்ஸில் பழக்கமான ஒருவரை, வேறு ஜாதிக்காரரை, ஒருநாள் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்பதுகூட எனக்குத் தெரியாது. அதனால் நான் பஸ் ஏறுவதற்கே பெரிய போராட்டம் நடந்தது. கடைசியில் அப்பா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "உன்னப் பத்தி ஒரு பேச்சு என் காதுல வுழக் கூடாது. வுழுந்தா அன்னியோட படிப்பு கட்" என்றார். அவருக்குப் பஜாரில் ஒரு பட்டுக்கடையில் சேலை எடுத்துப் போடும் வேலை. ஊரில் யார் வீட்டுப் பேச்சும் முதலில் வந்து சேருகிற இடம் அது.

நான் இயற்கையிலேயே சந்தேகப் பிராணி. பூட்டின பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கும் ரகம். அதனால் முதலில் என் கண்ணில் பட்டது வண்டியின் கண்ணாடி. காலையில் நான் விட்ட மாதிரி இல்லை, கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. யாரோ இடித்திருப்பார்கள் என்று திருப்பி வைத்தேன். மறுநாளும் இறங்கியிருந்தது. என்னைவிடக் குள்ளமான யாரோ என் வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

அதன்பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. சக்கரத்தில் எங்கள் பக்கத்து மண் இல்லை, செம்மண் ஒட்டியிருந்தது. சீட்டுக்கு அடியில் டிக்கியைத் திறந்தால் பூண்டு ரச வாசனை. எல்லாவற்றையும்விட என்னைக் குழப்பியது பெட்ரோல். அது குறையவே இல்லை. சில நாள் நான் விட்டதைவிடக் கூடவே இருந்தது. திருடன் என்றால் எடுப்பான். எவனாவது ஊற்றி வைத்துவிட்டுப் போவானா? அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. யாரோ எதற்கோ என் வண்டியை உபயோகப்படுத்துகிறார்கள், ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ் வண்டி நம்பரைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்குத்தான் வரும். மாற்றுச் சாவி எங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கும். காலையிலும் பார்ப்பேன், சாயங்காலமும் பார்ப்பேன், அதே இடத்தில் இருந்தது. ஆகக் கள்ளச்சாவிதான் என்று முடிவு கட்டினேன்.

யார் மேலெல்லாம் சந்தேகப்பட்டேன் தெரியுமா? ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிறவர், ஒருநாள் வண்டியை இரவல் கேட்ட வகுப்புத் தோழன், தினமும் என்னைப் பார்த்துச் சிரிக்கும் கண்டக்டர் வரைக்கும் ஒருவரையும் விடவில்லை. ஆனால் சுற்றிச் சுற்றி என் சந்தேகம் வந்து நின்ற இடம், டோக்கன் கொடுத்து வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டாண்டு அக்காதான். ஐம்பது வயதிருக்கும், வாயில் எப்போதும் வெற்றிலை, யாரையும் அதட்டித்தான் பேசுவாள். "அக்கா, என் வண்டிய யாராவது எடுக்கறாங்களா?" என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் டோக்கனை அடுக்கிக்கொண்டே, "உன் வண்டிய மட்டும் மடியில வெச்சிகினு உக்கார முடியுமா? வந்தியா, எடுத்தியா, போய்கினே இரு" என்றாள். முகத்தைப் பார்க்காமல் பேசுகிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பது என் சித்தாந்தம்.

அடுத்த நாள் வண்டியை விடும்போது டயரில், தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கோடு மேலே ஏறி நிற்கிறது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, வண்டி எடுக்க வந்தவர்கள் எல்லாரும் பார்க்க, "எங்ககிட்டயும் காசு வாங்கிகினு, பகல்ல வண்டிய வாடகைக்கும் வுடறீங்களா?" என்று கத்திவிட்டேன். அக்கா விருட்டென்று எழுந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு எச்சிலை விழுங்கிக்கொண்டு, "போம்மா. இதுக்கு மேல நின்னா என் வாய்ல நல்ல வார்த்த வராது" என்று மட்டும் சொன்னாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் எனக்கு வேறொன்று காத்திருந்தது. கடையிலிருந்து எப்போதும் தாமதமாக வரும் அப்பா அன்று சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தார். அம்மா கூடத்து ஓரத்தில் ஒரு பட்டுச்சேலையை மடியில் போட்டு முந்தானைக்குக் குச்சு கட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் அவளுக்குத் தொழில்.

"சந்தவாசல் ரோட்ல இன்னா வேல உனக்கு?" என்றார் அப்பா.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"துப்பட்டாவால மூஞ்ச மூடிகினு பட்டப்பகல்ல மல பக்கமா வண்டில போய்கினு இருந்தியாம். ஒரு நாளு இல்ல, ரெண்டு மூணு நாளு பாத்திருக்காரு. கடைக்கு வந்த தெரிஞ்சவரு ஒருத்தரு வண்டி நம்பரோட சொல்றாரு."

சந்தவாசலைத் தாண்டினால் படவேடு, மலை, அணை. காலேஜுக்குக் கட் அடித்துவிட்டு ஜோடியாகப் போகிறவர்கள் அந்தப் பக்கம்தான் போவார்கள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். செல்போனில் காலேஜ் வருகைப் பதிவை எடுத்துக் காட்டினேன்.

"செல்லுல இன்னா வேணா காட்டலாம். உங்க சித்தியும் கடைசி வரைக்கும் காலேஜ்லதான் இருந்தேன்னுதான் சொன்னா" என்றார். பல வருடம் கழித்து அன்றுதான் அந்த வீட்டில் அவள் பேச்சு எழுந்தது.

வண்டியை யாரோ எடுக்கிறார்கள், ஸ்டாண்டு அக்காவும் அதில் கூட்டு என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா நம்பவில்லை. அம்மாவிடம் திரும்பி, "நீயாவது சொல்லும்மா" என்றேன். அம்மாவின் கை அப்படியே நின்றது. என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "நான் இன்னாத்த சொல்றது" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா திட்டியதைவிட அதுதான் என்னை அறுத்தது. பெற்ற தாய்க்கே என்மேல் நம்பிக்கை இல்லை என்றால் வேறு யாரிடம் போய் நிற்பது?

கடைசியில் அப்பாவிடம் ஒரே ஒரு நாள் கேட்டேன். "நாளைக்கு நீயே என்கூட வாப்பா. எதிர்ல டீக்கடையில உக்காந்து பாக்கலாம். எவன் எடுக்கறான்னு உன் கண்ணால பாரு."

அப்பா யோசித்துவிட்டு, "சரி. ஒரு நாளு. எவனும் வரலன்னா சாவிய என் கையில குடுத்துட்டு உங்கம்மாகூட குச்சு கட்ட உக்காரு" என்றார். அம்மா நிமிரவே இல்லை.

மறுநாள் வழக்கம்போல வண்டியை விட்டேன், ஆனால் பஸ் ஏறவில்லை. அப்பா கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார். டீக்கடையில் உள்பக்கமாக உட்கார்ந்தோம். ஸ்டாண்டுக்குள் நுழைந்த ஒவ்வொருவரும் எனக்குத் திருடனாகவே தெரிந்தார்கள். ஒரு பெரியவர் தும்மினால்கூட ஏதோ ஜாடை என்று தோன்றியது. வெயில் ஏற ஏற யாரும் வரவில்லை. அப்பா என் பக்கம் திரும்பாமலே இரண்டாவது டீயைக் குடித்தார். இதற்கிடையில் ஸ்டாண்டு அக்கா எங்களைப் பார்த்துவிட்டாள். அதன்பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கு வருவதும் தெருவைப் பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தாள். கூட்டாளியை உஷார்ப்படுத்தப் பார்க்கிறாள் என்று அப்பாவின் கையைச் சுரண்டினேன்.

பதினோரு மணி சுமாருக்கு அம்மா வந்தாள். ஒரு கையில் சாப்பாட்டுக் கூடை, இன்னொரு கையில் ஹெல்மெட். எங்களுக்குத்தான் ஏதோ கொண்டு வருகிறாள் என்று முதலில் நினைத்தேன். அவள் டீக்கடையைப் பார்த்தாள், எங்களையும் பார்த்தாள். பார்த்துவிட்டு நேராக ஸ்டாண்டுக்குள் போனாள். அக்கா ஓடிவந்து, "யம்மா, இன்னிக்கி வேணாம், போய்டு" என்று சொன்னது எங்களுக்கே கேட்டது. "பரவால்ல, வுடு" என்றாள் அம்மா. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் வண்டியில் போட்டாள். கூடையை டிக்கியில் வைத்தாள். கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

அப்பா எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இருபது வருடத்துக்கும் மேலாக அவருடைய வண்டியின் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து போனவள் அவள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

அம்மா வண்டியை ஓட்டிவந்து டீக்கடை வாசலில், அப்பாவுக்கு முன்னால் நிறுத்திக் காலை ஊன்றினாள்.

"சந்தவாசல்ல என் தங்கச்சி படுத்த படுக்கையா கீறா. இத்தினி வருஷம் கழிச்சி இப்பதான் வயித்துல தங்கியிருக்கு. ஏழாம் மாசம். எழுந்து நடமாடவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அவ வூட்டுக்காரரு லாரிய எடுத்துகினு போனா வாரம் ஆவுது வர்றதுக்கு. ஒரு வாய் சோறு குடுக்க ஆளில்ல. நான்தான் போய்ட்டு வந்துகினு இருக்கேன்" என்றாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார் அப்பா.

"கேட்டிருந்தா வுட்டிருப்பீங்களா?"

அப்பாவின் கண் கூடை இருந்த டிக்கிப் பக்கம் போனது.

"மீதிய சாயங்காலம் பேசிக்கலாங்க. சோறு ஆறிடும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ இன்னா பாத்துகினு நிக்கிற? அடுத்த பஸ்ஸ புடி. மத்தியான கிளாஸாவது கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு, இண்டிகேட்டரைப் போட்டு ரோட்டில் ஏறிப் போய்விட்டாள்.

மற்றதெல்லாம் பிறகு தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் தாத்தாவின் மொபெட்டில் சித்தியைப் பின்னால் உட்காரவைத்து ஊரெல்லாம் ஓட்டியவளாம் அம்மா. பஸ்ஸில் போனால் தெரிந்தவர்கள் பார்த்து அப்பாவிடம் சொல்லிவிடுவார்கள் என்றுதான் என் வண்டியை எடுத்திருக்கிறாள். ஸ்டாண்டு அக்காவின் கொட்டகையில் என் பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு போவாளாம். அதனால்தான் ஊர்க்கண்ணுக்கு அது நானாகத் தெரிந்திருக்கிறது. ஏம்மா என்னிடம்கூடச் சொல்லவில்லை என்று கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சா நீயும் அப்பாகிட்ட பொய் சொல்லணும். மாட்டுனா உன் படிப்பும் இல்ல போவும்" என்றாள்.

அன்று அவள் வராமல் இருந்திருக்கலாம். நாங்கள் அங்கே காத்திருப்போம் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். வீட்டில் உட்கார்ந்து குச்சு கட்டிக்கொண்டிருந்தால் அவள் ரகசியம் பத்திரமாக இருந்திருக்கும், என் படிப்பு மட்டும் போயிருக்கும். அவள் அன்று சேலையோடு, முகத்தை மூடாமல் வந்தாள்.

ஸ்டாண்டு அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "உங்கம்மா சத்தியம் வாங்கிகினா. இல்லன்னா நீ பேசின பேச்சுக்கு அன்னிக்கே குடுத்திருப்பேன்" என்றாள். அதற்கப்புறம் ஒரு மாதம் என்னோடு பேசவே இல்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

அப்பா சாயங்காலம் சத்தம் போடுவார் என்று பயந்துகொண்டிருந்தோம். அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு என்னிடம் சொல்வது போல, "நாளையிலேர்ந்து உன்ன நான் பஸ்ஸுக்குக் கொண்டாந்து வுடறேன். அந்த வண்டி வூட்லயே நிக்கட்டும்" என்றார். விடியற்காலையில் எழுந்தறியாத மனிதர், நான் படிப்பை முடிக்கிற வரைக்கும் எழுந்து கொண்டுவந்து விட்டார். அம்மா வீட்டு வாசலிலிருந்தே வண்டியில் சந்தவாசல் போய்வந்தாள். சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்பா இன்னும் சந்தவாசல் பக்கம் போகவில்லை. ஆனால், "கொழந்த எப்படி கீது?" என்று அம்மாவிடம் கேட்கிறார்.

பஞ்சர் ஒட்டுகிறவர் முதல் கண்டக்டர் வரை ஊரில் ஒருவர் விடாமல் சந்தேகப்பட்ட நான், சாவி மாட்டியிருந்த வீட்டிலேயே இருந்த அம்மாவை மட்டும் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. அதை அவள்மேல் இருந்த நம்பிக்கை என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவளால் இதெல்லாம் முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அவள் மகளாக எனக்கு இன்றுவரை வெட்கம் தருவது அதுதான்.