சிங்கிக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்து

ரவுண்ட் ராக் என்கிற அமெரிக்க ஊரில் எங்கள் வீட்டு வேலிக்குப் பின்னால் ஓர் ஓடை உண்டு. போன ஆகஸ்ட் வெயிலில் அது நாலைந்து குட்டைகளாகச் சுருங்கிவிட்டது. வற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டையிலிருந்து, ஹைஸ்கூல் படிக்கும் என் மகள் ஒரு கிராஃபிஷைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இந்த ஓடையின் சொந்தப் பிராணி. இறாலுக்கும் நண்டுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். வாலுக்கடியில் கொத்துக் கொத்தாக முட்டை.

"மழை வந்து க்ரீக் ஓடுற வரைக்கும்தாம்மா. அப்புறம் குட்டிங்களோட திருப்பி விட்டுடுவேன்" என்றாள்.

"உன் ரூமைக் கூட்ட நேரமில்லையாம், இதுக்குப் பிரசவம் பாக்கப் போறாளாம்!" என்று கத்தினேன். கத்திவிட்டு, ஹாலில் கண்ணாடித் தொட்டிக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்ததும் நான்தான்.

என் கணவர் தூத்துக்குடிக்காரர். பார்த்தவுடன், "ஏ, நம்மூரு சிங்கி இறால் மாதிரில்லா இருக்கு!" என்றார். அன்றிலிருந்து அது சிங்கி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வரும் வழியில் இந்தியன் கடையில் தலையோடு உறைந்த இறால் வாங்குவோம். அவர் சுத்தம் செய்வார், நான் தொக்கு வைப்பேன். அவர் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம்: ஞாயிற்றுக்கிழமை மீனோ கறியோ வாங்கினால் வீட்டை அண்டிய பூனைக்கும் காக்காவுக்கும் ஒரு பங்கு வைத்துவிட்டுத்தான் மனிதர்கள் உட்கார வேண்டும். அந்தப் பாசத்தில், பச்சை இறால் தலை ஒன்றைத் தொட்டிக்குள் போட்டார்.

"புள்ளத்தாச்சி, பாவம். நல்லா சாப்பிடட்டும்."

மகள் வந்து பார்க்கும்போது சிங்கி பாதித் தலையைத் தின்றிருந்தது. அவள் போட்ட கூச்சலில் நான் கரண்டியோடு ஓடி வந்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் இறாலில் வெண்புள்ளி நோய்க் கிருமி இருக்கலாமாம். நமக்கு ஒன்றும் செய்யாது. ஃப்ரீசரில் கிடந்தாலும் சாகாது. கிராஃபிஷுக்குத் தொற்றினால் மருந்தே கிடையாது. ஓடைக்குள் போனால் அங்கே இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடும்.

"எல்லா இறால்லயும் இருக்காதுல்ல?" என்று மெதுவாகக் கேட்டார் அவர்.

"இருக்காதுப்பா. இதுல இருந்துச்சா இல்லையா? அது யாருக்குத் தெரியும்?"

அதன்பின் தினமும் காலையில் காபிகூடக் குடிக்காமல் தொட்டியைத்தான் எட்டிப் பார்த்தார். சிங்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டை பொரிந்து, குட்டிகள் அம்மாவின் வாலடியில் தொங்கின. "நான் சொல்லல? சிங்கி கில்லாடி" என்று, வீட்டிலிருந்தே பேசும் ஆபீஸ் மீட்டிங் நடுவில் எழுந்து வந்து பார்ப்பார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அக்டோபரில் மழை கொட்டியது. ஓடையின் இரைச்சல் சமையலறைவரை கேட்டது.

"சிங்கிதான் நல்லாருக்கே. கொண்டுபோய் விட்டுடலாம்டி" என்றேன்.

மகள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் விடத்தான் ஆசை. அதற்காகத்தானே இத்தனை நாள் பார்த்துக்கொண்டாள்.

"நல்லாருக்கிறதுதாம்மா பயம். சிக் ஆகாமலே வைரஸைக் கேரி பண்ணலாம். ரிஸ்க் எடுக்க முடியாது. இது இனி இங்கயேதான். குட்டிங்களும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? கிருமியையா? பசிக்குமே என்று ஊட்டின மனுஷனையா? வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் ஒரு தாய் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் இறால் வாங்கவில்லை. சாம்பார்தான். சாப்பிட உட்காருமுன், பங்கு வைக்கும் பழக்கதோஷத்தில் தொட்டிப் பக்கம் போய் நின்றார். கையில் ஒன்றும் இல்லை. அவரைக் கண்டதும் சிங்கி இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு, குட்டிகளோடு, கண்ணாடி ஓரத்துக்கு ஓடி வந்தது.