ஏழாவது கேள்வி

சலவைக்கடையின் பின்அறையில் உட்கார்ந்து ஊரார் பேண்ட்டைக் குட்டையாக்குவதும் இடுப்பைத் தளர்த்துவதும்தான் அவள் வேலை. கடைக்கு வருகிறவர்கள் தையலக்கா என்பார்கள். பதினோரு வருடமாக அதே மெஷின், அதே ஸ்டூல். எவ்வளவு கிழிந்து வந்தாலும் தடம் தெரியாமல் சேர்த்துக் கொடுத்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஐந்து மாதமாக இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. நூல்கண்டு டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்து, மணிக்கொரு தரம் மகளின் மனு எண்ணைத் தட்டிப் பார்ப்பது. மகளுக்கு எட்டு வயது. வாய் ஓயாது, கணக்கை மனசிலேயே போட்டுவிடுவாள், விரல்கள்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை. மற்ற பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பும்போது இவள் முதல் வரியில் நழுவிய பென்சிலைத் தேடிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து எழுத உதவ ஓர் உதவியாசிரியை கேட்டுக் கல்வி அலுவலகத்தில் தையலக்கா மனுக் கொடுத்திருந்தாள். ஆள் கிடைக்காவிட்டால் அடுத்த வருடமும் இதே வகுப்புதான் என்று பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். போனைத் தட்டினால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றே வந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஓரகத்தி மகனுக்குக் கிடைத்துவிட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. கொழுந்தனின் மனைவி, குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் சின்னவள். அவள் பையனுக்கு ஏழு வயது, அவனுக்கும் இதே விரல் தகராறு. அவள் மனுக் கொடுத்ததோ இரண்டு மாதம் கழித்து. கிடைத்த அன்றே போன் செய்தாள்.

“அக்கா, நம்ம பயலுக்குக் குடுத்துட்டாங்கக்கா. வாரத்துக்குப் பதினஞ்சு மணி நேரம் ஒரு மிஸ் கூடவே உக்காருவாங்களாம்.”

“ரொம்ப சந்தோஷம்மா” என்றாள் தையலக்கா. அன்றைக்கு ஒரு பேண்ட்டின் இரண்டு காலையும் இரண்டு நீளத்தில் தைத்து வைத்தாள்.

வீட்டுக்குப் போனதும் கணவனைப் பிடித்துக்கொண்டாள். “யாரையோ பிடிச்சிருக்கா அவ. இல்லேன்னா எப்படி?”

“அவளுக்கு ரோட்டைத் தாண்டவே பயம். யாரைப் போய்ப் பிடிக்கப் போறா?”

“அவளைச் சொன்னா மட்டும் உங்களுக்குப் பொத்துக்கிட்டு வந்துடும்” என்று கழுத்தை நொடித்தாள். பொறாமை என்று வந்துவிட்டால் நியாயமாவது ஒன்றாவது. அந்தப் பதினைந்து மணி நேரத்தையும் தன் மகளிடமிருந்து பிடுங்கிக் கொடுத்துவிட்டார்கள் என்றே அவளுக்குத் தோன்றியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை போனில் வாசகம் மாறியது. ‘தேவை உறுதிப்படவில்லை. இருபத்தொரு நாளுக்குள் மறுபரிசீலனை கோரலாம்.’ மெஷினை அப்படியே போட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடினாள். டோக்கன் எண் வரும்வரை உட்காரவில்லை.

“எனக்குப் பின்னாடி குடுத்தவங்களுக்குக் கிடைச்சிருக்கு சார். என் பொண்ணு மட்டும் என்ன பாவம் பண்ணினா?”

எழுத்தர் சாவகாசமாகக் கோப்பைத் திருப்பி வைத்தார். “ஏழாவது கேள்வியைப் பாருங்கம்மா. பட்டன் போடறது, ஜிப் இழுக்கறது. ‘தானே செய்கிறாள்’னு டிக் போட்டிருக்கீங்க. டீச்சரும் ‘சட்டை பட்டன் ஒண்ணுகூட விடாம போட்டு வரா’ன்னு எழுதியிருக்காங்க. பட்டன் போடற விரலுக்கு பென்சில் பிடிக்க என்ன கஷ்டம்னு மேலே கேக்கறாங்க. கையெழுத்து உங்களுதுதானே?”

கையெழுத்து அவளுடையதுதான். டிக்கும் அவளுடையதுதான். அந்தப் பட்டன்களும் அவள் கைவரிசைதான்.

மூன்று வருடத்துக்கு முன் மாமியார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, “இவளுக்கு இன்னும் பட்டன் போடத் தெரியாதா?” என்று யாரோ கேட்டார்கள். சின்னவளும் பக்கத்தில் நின்றிருந்தாள். அந்த வாரமே மகளின் சட்டைகளை எல்லாம் பிரித்தாள். காஜா ஓட்டைகளை மூடி, அவற்றின் மேலேயே பட்டன்களைத் தைத்து, அடியில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்தாள். இரண்டு பக்கத்தையும் சேர்த்து அழுத்தினால் போதும், பட்டன் போட்ட மாதிரியே இருக்கும். கணவனுக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. படிவம் நிரப்பும்போதும் பேனா ‘தெரியாது’ பக்கம் போகவில்லை. சின்னவளா படிக்கப் போகிறாள்? ஆனாலும் மனசு வரவில்லை.

இருபத்தொரு நாளில் ஆறு நாள் வீம்பிலேயே போயிற்று. ஏழாம் நாள் மாலை, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு நேரே சின்னவள் வீட்டுக்குப் போனாள்.

“நீ என்னம்மா எழுதிக் குடுத்தே? எனக்குக் காட்டேன்” என்று ஒருவழியாகக் கேட்டாள்.

சின்னவள் நகலை எடுத்து வந்தாள். ஏழாவது கேள்விக்கு நேரே குண்டுகுண்டாக எழுதியிருந்தாள். ‘பட்டன் போடத் தெரியாது. நான்தான் போட்டுவிடுகிறேன். தினமும் அழுகிறான்.’

இதை இவளால் எழுத முடிந்திருக்கிறதே என்று அதற்கும் பொறாமையாக இருந்தது தையலக்காவுக்கு.

“எழுதறப்போ உங்களைத்தான் நினைச்சேன்க்கா” என்றாள் சின்னவள். “உங்க மேல எனக்கு அவ்வளவு பொறாமை. எப்ப பாத்தாலும் உங்க பொண்ணு பட்டன்மேலதான் என் கண்ணு போகும். வீட்டுக்கு வந்து இவனை நிக்க வச்சு, ‘அக்கா எப்படிப் போட்டிருக்கா பாத்தியா, போடுடா’ம்பேன். வராது. கைமேலேயே அடிச்சிருக்கேன்.”

பையன் அறைவாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

தையலக்கா மகளைக் கிட்டே இழுத்தாள். கழுத்தோரம் பிடித்து ஒரே இழுப்பு. சட்டை மேலிருந்து கீழ்வரை சர்ரென்று பிரிந்தது. பட்டன்கள் ஒன்றுகூட அசையாமல் ஒரு பக்கமாகவே நின்றன.

சின்னவள் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள். பையன் கிட்டே வந்து ஒட்டுப்பட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

“அப்ப அக்காவுக்கும் வராதா பெரியம்மா?”

“வராதுடா.”

“அப்புறம் அம்மா என்னை எதுக்கு அடிச்சாங்க?”

தையலக்காதான் பதில் சொன்னாள். “என்னாலடா. நான் தச்ச சட்டையாலதான்.”

பிறகு பையிலிருந்து மறுபரிசீலனைப் படிவத்தை எடுத்து அந்த மேஜையிலேயே விரித்தாள். ஏழாவது கேள்வி வந்ததும் பேனாவைச் சின்னவளிடம் நீட்டினாள்.

“நீயே எழுதும்மா. எனக்கு இன்னும் கை வரல.”