புளியமரத்து வகுப்பு

மரச் சுத்தியலால் புளியமரத்தைத் தட்டினேன். உள்ளே பொந்து இருந்தால் காலிப் பானையைத் தட்டியதுபோல் கேட்கும். இது கெட்டியாகக் கேட்டது. கிரிவலப் பாதையை ஒட்டிய இந்தப் பள்ளியில் புதுக் கட்டடம் வரப்போகிறது. அதற்கு முன் மரங்களைச் சோதிக்க என்னை அனுப்பியிருக்கிறார்கள். நான் படித்ததும் இங்கேதான்.

இந்த ஓசை எனக்குப் பழக்கம். நாங்கள் பேசினால் வாத்தியார் இதே அடிமரத்தில் பிரம்பால் தட்டுவார். பாதி வகுப்பு அறைக்குள், பாதி மரத்தடியில். அவர் வாசற்படியில் நின்று அறையைப் பார்த்துப் பாடம் நடத்துவார். எங்களுக்குத் தெரிந்தது அவர் முதுகுதான். புளியம்பூ சிலேட்டில் உதிரும். மழை வந்தால் தாழ்வாரத்தில், உள்ளே இருப்பவர்கள் கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு நடுவே நிற்போம். மரத்தடியில் இருந்தவர்கள் எல்லாருமே எங்கள் காலனிப் பிள்ளைகள்.

ஒருநாள் அம்மா வந்து கேட்டாள். "எங்க புள்ளைங்க மட்டும் ஏன் சார் வெளிய?"

"ரூம் பத்தலம்மா. இங்க காத்து ஜாஸ்தி, நல்லதுதானே?"

ஜன்னல் வழியே, காலியாகக் கிடந்த பின்வரிசையை அம்மா பார்த்தாள். திரும்பிப் போனாள்.

"மரம் எப்படி சார் இருக்கு?" இப்போதைய தலைமையாசிரியர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒரு நோவும் இல்லைங்க. நமக்கு அப்புறமும் நிக்கும்."

"உள்ள பொந்துனு எழுதிக் குடுத்துடுங்க சார். வெட்டித்தான் ஆவணும். ரூம் பத்தல."

"அப்பவும் அதத்தாங்க சொன்னாங்க" என்றேன்.