சித்தப்பாவின் கலியாண வேட்டியும் லைம்ஹவுஸ் லோண்டரியும்

ஈரத்துணியில் சூடான இஸ்திரிப்பெட்டி இறங்கும்போது எழும் ஆவியில் கஞ்சி மணமும் பின்கட்டில் இஞ்சி வதக்கும் மணமும் கலந்திருக்கும்; பள்ளி விட்டு வரும் குளிர்காலப் பின்னேரங்களில் அந்த ஆவிக்காகவே லண்டன் லைம்ஹவுஸின் சீன "லோண்டரி", அதாவது சலவைக்கடை, வாசலில் சற்று நின்றுவிட்டுப் போவேன். ஒருகாலத்தில், கப்பல்களில் வேலை செய்து வந்து துறைமுகத்தருகே தங்கிவிட்ட சீனர்கள் உணவுக்கடைகளும் லோண்டரிகளுமாக நிறைத்திருந்த தெருக்கள் அவை. இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்தது, மிஞ்சிய வீடுகள் இடிக்கப்பட்டன, கப்பல் வேலையும் குறைந்தது. சனம் நகர நடுவிலுள்ள சோஹோ பக்கம் போய்விட்டது. எண்பதுகளில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியபோது எங்கள் தெருவில் எஞ்சியிருந்த சீனர்கள் லோண்டரிக்காரரும் மனைவியும்தான்.

அந்த மாரிக் குளிரில் சித்தப்பாவுக்குக் கலியாணம். ஊரில் சண்டை, அப்பாவின் தகப்பனார் அப்பப்பாவால் வர முடியவில்லை. தன் பங்குக்குச் சரிகைக் கரை வேட்டி ஒன்றை, லண்டனுக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். "கஞ்சி போடாத வேட்டி கட்டினவன் நித்திரையால எழும்பி வந்தவன் மாதிரி" என்று சொல்லும் அம்மா, அதை லோண்டரியில் கொடுத்தார். கலியாணத்துக்கு முதல்நாள் பொதியைப் பிரித்தால் உள்ளே மேசை விரிப்பு.

"இதைக் கட்டிக்கொண்டு போடா. சுத்தியிருந்து நாலு பேர் சாப்பிடலாம்" என்றார் அப்பா.

"பகிடி விடாதேங்கோ அண்ணை. அய்யா அனுப்பினது அது ஒண்டுதான்." சித்தப்பா விரிப்பைச் சுருட்டிக்கொண்டு லோண்டரிக்கு நடந்தார்; நாங்களும் பின்னால் போனோம்.

லோண்டரிக்காரருக்கு உடனே விளங்கிவிட்டது. வெள்ளையாக, நீளமாக, மடித்தால் கரை உள்ளே மறைந்துவிடும் துணியை அவர் மனைவி வேறு என்னவென்று நினைப்பார்? சோஹோ உணவகத்துக்குப் போகும் விரிப்புகளோடு கட்டி அனுப்பியிருந்தார். இருவரும் கடையைச் சாத்திவிட்டு எங்களோடு பஸ் ஏறினார்கள்.

உணவகத்தின் நடுவே நீள மேசை. அதன் ஓரத்தில் சரிகை மினுங்கியது. மேலே வாத்திறைச்சித் தட்டுகள். லோண்டரிக்காரரின் மனைவி சீனமொழியில் ஏதோ சொல்ல, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தபடி எழுந்து தட்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார்கள்.

"மெல்ல இழு, சோஸ் ஊத்துப்படும்!" என்று அம்மா கத்தினார்.

அதற்குள் ஊற்றுப்பட்டிருந்தது. அன்று முழுக்க அந்தக் கறையோடு மல்லுக்கட்டிய லோண்டரிக்காரரின் மனைவி, மறுநாள் கணவரோடு வேட்டியை மண்டபத்துக்கே கொண்டுவந்தார். கறை போயிருந்தது. கொடுத்துவிட்டுத் திரும்பியவர்களைச் சித்தப்பா விடவில்லை. "இருங்கோ" என்று தமிழிலேயே சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய், அப்பப்பா இருந்திருக்க வேண்டிய இடத்தில் இருத்தினார்.

இன்று அங்கே லோண்டரி இல்லை. கண்ணாடி மாடிகள் எழுந்துவிட்டன. பெக்கின் தெரு, கான்டன் தெரு என்று சீன ஊர்களின் பெயர் தாங்கிய பலகைகள்தான் மிச்சம். நாங்களும் சற்றுக் கிழக்கே பிளேஸ்டோவுக்கு வந்துவிட்டோம். சென்ற மாதம் சித்தப்பாவின் புது மருமகள், சித்தப்பா சித்தியின் பழைய கலியாண அல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமி, முன்னுக்கு இருக்கிற இந்தச் சைனீஸ் ஆக்கள் ஆர்?"

சித்தி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, திரும்பிப் பாராமல் சொன்னார்: "மாப்பிள்ளை வீட்டுக்காரர்."