பேரை வெட்டாதீங்க ஐயா!

என் நாடகத்திலேயே மிக உருக்கமான கட்டம் அது. கதாநாயகியின் புருஷன் முதல் நாள்தான் காய்ச்சலில் இறந்திருக்கிறான். பொழுது விடியவில்லை. ரப்பர்த் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி ஆஜர்ப் புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். புருஷன் பெயர் வருகிறது. பதில் இல்லை... கதாநாயகி கைக்குழந்தையோடு ஓடி வந்து கதறிப் பாடுகிறாள். சபை முழுவதும் கண்ணீர் விடுகிறது.

அப்படித்தான் எழுதியிருந்தேன்.

நடந்தது என்ன தெரியுமா? மேடையில் கிராணி, "முனியம்மா!" என்றார். சபையிலிருந்து மூன்று குரல்கள் ஒரே சமயத்தில் — "இருக்கேங்க!"

மூன்று முனியம்மாக்களும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்து "ராமசாமி!" என்றதும், கச்சான் தின்றுகொண்டிருந்த ஒருவன் வாய் நிறையக் கடலையோடு எழுந்து நின்றே விட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வருஷக்கணக்காகத் தினமும் விடியுமுன் வரிசையில் நின்று பதில் சொல்லிப் பழகிய வாய். ரப்பர் மரத்தில் பால் வெட்டக் கிளம்புமுன் நடக்கும் இந்த ஆஜர் எடுப்புக்குத் தோட்டத்தில் 'பெரட்டு' என்று பெயர். பெயர் கூப்பிடும்போது வாய் தானாகத் திறந்துகொள்கிறது. நாடகமாவது, நிஜமாவது?

சபை சிரித்தது. எப்படிப்பட்ட சிரிப்பு! பக்கத்தில் ரப்பர்த் தகடு காயவைக்கும் புகைக்கூடத்தின் தகரக் கூரையே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் எங்கள் கதாநாயகி ரத்னாம்பாள் குழந்தையோடு ஓடி வந்தாள். பொம்மைக் குழந்தைதான். "கூப்பிட்ட பேருக்குக் குரலில்லை ஐயா" என்று அவள் நாதநாமக்கிரியை ராகத்தில் எடுத்தபோது, முன்வரிசையில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வாரங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையின் இதே பத்தியில் நான் மார்தட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். ராஜா ராணிகளைப் பார்த்தது போதும், தோட்டத்து ஜனங்களைப் பற்றியே ஒரு சங்கீத நாடகம் எழுதியிருக்கிறேன், பெயர் 'மூன்றாம் நம்பர் லயம்' (கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளைத் தோட்டத்தில் லயம் என்பார்கள்), மலாக்காவே அசந்துபோகப் போகிறது... இன்னும் என்னென்னவோ அளந்தேன். அன்று மேடையோரத்தில் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அத்தனையும் நினைவுக்கு வந்தது. பேனாவைக் கையில் கொடுத்த ஆசிரியரைத்தான் முதலில் திட்டினேன்.

நாடகக் கம்பெனி முதலாளி ராவுத்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலாக்கா பாசாரில் துணிக்கடை வைத்திருக்கிறார். பகலில் துணி கிழிப்பார், சாயங்காலம் ஒத்திகை பார்ப்பார். புது நாடகத்தை அவர் நேராக டவுன் கொட்டகைக்குக் கொண்டுபோக மாட்டார். முதலில் மூன்று தோட்டங்களில் போட்டுப் பார்ப்பார்.

"வாத்தியாரே, புதுச் சரக்கு வந்தா ஓரத்தைத் தண்ணியில முக்கிப் பாக்குறோமா இல்லையா? சாயம் போற துணியை டவுன்காரனுக்கு வித்தா, மறுநாள் கடை வாசல்ல வந்து நிப்பான். இதுவும் அதுதான்" என்பார்.

முதல் தோட்டம் ஜாசின் பக்கம். ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு ஆட்டம். மறுநாள் நாலு மணிக்கே எழுந்து வேலைக்குப் போகிற ஜனங்களை ராத்திரி முழுவதும் உட்கார வைக்க முடியாது. ஆட்டம் முடிந்து நாங்கள் லாரியில் சாமான் ஏற்றியபோது ரத்னாம்பாள் என்னிடம் பேசவில்லை. ராவுத்தரிடம்தான் பேசினாள், எனக்குக் காது கேட்கிற மாதிரி.

"தஞ்சாவூர்லேருந்து கப்பலேறி வந்தது அழவைக்கிறதுக்கு. இப்படிச் சிரிப்பு வாங்கறதுக்கு பபூன் சின்னையா போதுமே, நான் எதுக்கு?"

கிராணி வேஷம் போட்டதே அந்தச் சின்னையாதான். "நான் என்னம்மா பண்ணினேன்? பேரைத்தானே கூப்பிட்டேன்?" என்று அவர் அப்பாவியாகக் கேட்டார். ரத்னாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ராவுத்தர் தீர்ப்புச் சொன்னார். இன்னும் இரண்டு தோட்டம் இருக்கிறது. அதற்குள் அந்தக் கட்டம் சரியாகவில்லை என்றால் புது நாடகம் கிடையாது, டவுனில் பழைய புராண நாடகத்தையே போட்டுவிடலாம். "கோவிச்சுக்கிடாதீங்க வாத்தியாரே" என்று முதுகில் தட்டினார். தட்டாமலே இருந்திருக்கலாம்.

எனக்குத் தூக்கம் வருமா? யோசித்தேன், யோசித்தேன்... புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். பெயர்களை மாற்றிவிடுவது! எந்தத் தோட்டத்திலும் யாருக்கும் இல்லாத பெயராகப் போட்டுவிட்டால் யார் பதில் சொல்வார்கள்? முனியம்மா போய் மகரந்தவல்லி வந்தாள். ராமசாமி போய் சந்திரசூடன் வந்தான்.

இரண்டாவது தோட்டம் செங் பக்கம். "மகரந்தவல்லி!" என்று சின்னையா கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவில்லை. நான் திரைக்குப் பின்னால் கையைத் தேய்த்துக்கொண்டேன். ரத்னாம்பாள் பாடினாள். நல்ல குரல், நல்ல சுருதி, ஒரு குறையும் இல்லை.

யாரும் அழவும் இல்லை. பின்வரிசை ஆட்கள் எழுந்து கச்சான்காரரிடம் போனார்கள். இரண்டு பெண்கள் என்ன குழம்பு வைக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அதையும் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆட்டம் முடிந்ததும் ஒருவர் மிக மரியாதையாக என்னிடம் வந்து கேட்டார்:

"ஐயா, அது எந்த தேசத்துப் பெரட்டுங்க?"

கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ராவுத்தர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். லாரியில் வரும்போது பழைய புராண நாடகத்தின் கிரீடங்களுக்கு ஜிகினா ஒட்ட வேண்டும் என்று யாரிடமோ சொன்னார்.

பாக்கி இருந்தது ஒரே ஒரு தோட்டம். அந்த வாரம் ஒத்திகையில் நடந்தது சண்டைதான். திடீரென்று சின்னையா சொன்னார்:

"மொதலாளி, பழைய பேருங்களையே போடுங்க. பதில் சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். நான் சமாளிச்சுக்கறேன்."

"நடுவுல ஒரு சிரிப்பு கேட்டாலும் நான் மேடையை விட்டு இறங்கிடுவேன், ஆமாம்!" என்றாள் ரத்னாம்பாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுதியவன் நான்தானே? 'எந்த தேசத்துப் பெரட்டு' என்ற கேள்வி அந்த வாரம் முழுவதும் காதுக்குள்ளேயே இருந்தது. பேனாவை எடுத்து மகரந்தவல்லியை அடித்துவிட்டு முனியம்மா என்று எழுதினேன்.

மூன்றாவது தோட்டம் செர்காம் போகும் பாதையில். போன ஞாயிற்றுக்கிழமை. புகைக்கூடத்துக்கு முன்னால் மேடை. முன்வரிசையில் நாலு நாற்காலி. அதில் ஒன்றில் அந்தத் தோட்டத்து நிஜக் கிராணி வெள்ளைச் சட்டையோடு வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு முன்னால் சின்னையா அதே வெள்ளைச் சட்டையில் மீசையை முறுக்க வேண்டும்!

இரண்டாவது அங்கத்தில் கதாநாயகன் முத்துவேலு காய்ச்சலில் இறந்தான். நல்ல சாவு. மூன்று பாட்டுப் பாடிவிட்டுத்தான் செத்தான். எல்லாரும் பார்த்தார்கள். அதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது அங்கம். சின்னையா புத்தகத்தைப் பிரித்தார். "முனியம்மா!"

"இருக்கேங்க!" இந்தத் தோட்டத்தில் இரண்டு பேர்தான். சிரிப்பு எழுந்தது. சின்னையா மேடையிலிருந்து தலையை நீட்டி, "ஒரு ஆளுக்குத்தான் பேரு. இன்னொரு முனியம்மா யாரு? இங்க வா!" என்று அதட்டினார். சிரிப்பு இரண்டு மடங்கானது. "ராமசாமி!" "இருக்கேங்க!" "எங்கய்யா பால் வாளி?" "லயத்துல இருக்குங்க!" ஜனங்கள் முழங்காலில் எழுந்துவிட்டார்கள். தங்கள் பெயர் வருமா, வருமா என்று ஒவ்வொரு முகத்திலும் ஆசை. நிஜக் கிராணிகூட தொடையில் தட்டிச் சிரித்தார். அத்தனை பேரும் பெரட்டுக் களத்திலேயே நின்றார்கள். மேடை எங்கே முடிகிறது, சபை எங்கே தொடங்குகிறது? எனக்கே தெரியவில்லை.

ரத்னாம்பாள் திரைக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்றாள். பற்களைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"முத்துவேலு!" என்றார் சின்னையா.

சிரிப்பு அப்படியே நின்றது.

"முத்துவேலு!" இரண்டாவது தடவை. ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டார். சின்னையா காதிலிருந்த பேனாவை எடுத்தார். பெயரை ஒரு கோடு போட்டு வெட்ட வேண்டும், அதைப் பார்த்துக் கதாநாயகி ஓடி வர வேண்டும். எழுதியபடி அவ்வளவுதான். பேனா புத்தகத்தை நோக்கி இறங்கியது.

"காய்ச்சலுங்க!"

சபையின் நடுவிலிருந்து ஒரு பெண் குரல். "காய்ச்சலுங்க ஐயா! லயத்துல படுத்திருக்கான்!"

இன்னொரு குரல்: "மத்தியானம் வந்துருவான், பேரு போடுங்க!"

"ஆத்துப் பக்கம் போயிருக்கான் லா, இப்ப வந்துருவான்!"

"பேரை வெட்டாதீங்க ஐயா! வெட்டாதீங்க!"

செத்துப்போனவனுக்காக! கால் மணி நேரத்துக்கு முன் கண்ணெதிரே செத்தவனுக்காக ஒரு தோட்டமே பொய் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை.

சின்னையா திகைத்துப்போய் மேடையோரத்தில் என்னைப் பார்த்தார். வெட்டவா, வேண்டாமா? இருபது வருஷம் சபையைச் சிரிக்க வைத்தவர், பேனாவைப் பிடித்தபடி குழந்தை மாதிரி விழித்தார்.

அப்போதுதான் முன்வரிசையில் நிஜக் கிராணி எழுந்தார். தினமும் விடியுமுன் இவர்களுடைய பெயரைக் கூப்பிடுகிறவர். வெட்டுகிற பேனாவும் அவருடையதுதான். சத்தம் அடங்கியது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"போடுமய்யா அரைப்பேரு!" என்றார் அவர்.

அரைப்பேர் என்றால் அரை நாள் ஆஜர். சொன்ன வேகத்திலேயே, தான் செய்தது உறைத்துச் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். சபை போட்ட சத்தத்தை நான் எந்த வார்த்தையில் எழுத? சின்னையா பெரிதாக ஒரு அரைப்பேர் எழுதினார். எழுதும்போது அவர் கண் நிறைந்திருந்தது. அது நடிப்பில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும்.

ரத்னாம்பாள் ஓடவில்லை. மெதுவாக நடந்து போனாள். கிராணியின் காலில் விழ வேண்டிய இடத்தில், சபையைப் பார்த்துக் கும்பிட்டாள். "கூப்பிட்ட பேருக்குக் குரலில்லை ஐயா..." ஆர்மோனியம் இல்லாமல் எடுத்தாள். பொய் சொன்ன அத்தனை வாயும் மூடிக்கொண்டது. முதலில் அழுதது அந்தக் 'காய்ச்சலுங்க' பெண்தான். பிறகு யார் அழவில்லை என்று எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது.

பாட்டு முடிந்ததும் "ஒன்ஸ் மோர்!" எழுந்தது. ரத்னாம்பாள் சந்தோஷமாக மறுபடி தொண்டையைச் சரிசெய்தாள். ஆனால் அவர்கள் கேட்டது பாட்டை இல்லை, பெரட்டை! "என் பேரைக் கூப்பிடவே இல்லையே!" என்று காளியம்மா என்ற ஒரு பெண் மேடைக்கே வந்துவிட்டாள். சின்னையா மறுபடி புத்தகத்தைப் பிரித்து, அங்கிருந்த ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுக் கேட்டுக் கூப்பிட்டார். பொழுது சாய்ந்து ஆறு மணியாகிவிட்டது. யாருக்கும் அவசரமில்லை.

நான் அந்தக் 'காய்ச்சலுங்க' பெண்ணைத் தேடிப் போனேன். பெயர் அஞ்சலை. பால் வெட்டுகிறவள், முப்பது வயது இருக்கும். "ஏம்மா, முத்துவேலு செத்ததை நீங்க பாத்தீங்கதானே?" என்று கேட்டேன்.

"பாத்தோமே. நல்லாச் செத்தாரு" என்றாள்.

"அப்புறம் எதுக்குக் காய்ச்சல்னு சொன்னீங்க?"

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "செத்தவருக்கு இனிமே என்னங்க வேணும்? பேரை வெட்டிப்புட்டா லயத்து ரூமைக் கேப்பாங்க. அந்தப் பொண்ணு பச்சைப் புள்ளையைத் தூக்கிக்கிட்டு எங்கங்க போகும்? எழுதின ஆளு அதை யோசிக்க வேணாமா?"

எழுதின ஆள் யோசிக்கவில்லை. டவுனில் பிறந்து டவுனில் வளர்ந்தவன். பெயரை வெட்டும் அந்தக் கோட்டை, பாட்டுக்கு ஒரு ஜாடை என்றுதான் நினைத்திருந்தேன். ரப்பர் விலை விழுந்த நாளில் அப்படி ஒரு கோட்டால் எத்தனை குடும்பங்கள் லயத்தைக் காலி செய்து ஊருக்குக் கப்பலேறின என்பதை அவர்களல்லவா பார்த்தவர்கள்! என் நாடகம் எதைப் பற்றியது என்று எனக்கே அஞ்சலைதான் சொன்னாள். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வருமா என்று கேட்காதீர்கள், வந்தது.

ராவுத்தர் லாரிப் படியில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வியர்வை என்றார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். "வர்ற சனிக்கிழமை டவுன்ல இதையேதான் போடுறோம். கிரீடத்தை எல்லாம் பெட்டியில வைக்கச் சொல்லுங்க" என்றார்.

ரத்னாம்பாள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். இன்னும் என்ன குறை?

"டவுன்காரா எல்லாம் குடையை மடியில வச்சுண்டு பேசாம உக்காந்திருப்பாளே! யாரும் கத்தலேன்னா நான் எப்படிப் பாடறது?"

அதனால் டவுன் வாசகர்களே, சனிக்கிழமை கட்டாயம் வாருங்கள். உங்கள் பெயரைக் கூப்பிட்டால் பதில் சொல்லக் கூச்சமாக இருந்தால் பரவாயில்லை... பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் மட்டும், "காய்ச்சலுங்க!" என்று ஒரு சத்தம் போட்டுவிடுங்கள்.