அட்டை மீனுக்குப் பேரம்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பெஞ்சில், மழையில் நனைந்த என் பாடப் பொருள்களைக் காய வைக்கிறேன். அட்டைத் தக்காளி, அட்டை வெங்காயம், அட்டை மீன். பக்கத்தில் நிஜ மீன் கூடையோடு ஒரு பழவேற்காட்டு அம்மா.

“இன்னா சார் இது, கொழந்த வெளையாட்டா?”

“இங்க ஒரு தொழிற்சாலைல, பிரான்சுக்குப் போற என்ஜினியருங்களுக்கு பிரெஞ்சு சொல்லித் தர்றேன்மா. வகுப்புலயே சந்தை வச்சு, பிரெஞ்சு பேசி வாங்கி விக்கணும்.”

“பேரம் பேசுவாங்களா?”

“அந்த ஊர்ல ஏதும்மா பேரம்? சொன்ன வெலதான்.”

அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார். “அப்பறம் பாஷ எதுக்கு சார்? வெரல காட்டி வாங்கினு வந்தா பத்தாதா?”

அட்டை மீனை எடுத்துப் பையில் வைக்கிறேன். தொழிற்சாலைக்கு நடக்கும்போதே, விலையைக் குறைக்கச் சொல்ல ஒரு பிரெஞ்சு வாக்கியம் தேடுகிறேன். பிரான்சில் எப்படியோ, இன்று என் சந்தையில் பேரம் உண்டு.