"உங்கள்" என்றால் எத்தனை பேர்?

பேருந்து நிலையத்தில் அவளுக்குப் பெயரே கவனம் அக்காதான். "பயணிகளின் கவனத்திற்கு" என்று அவள் ஒலிபெருக்கியில் ஆரம்பித்தால் ஓடுகிறவன்கூட ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் ஓடுவான். அடுத்த மாதம் அவளுக்கு ஓய்வு. கைக்கு வரும் மொத்தத் தொகையைக் கட்டிவிட்டு, மாதாமாதம் வருமானம் வாங்கும் திட்டம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் கடிகாரம் பழுது பார்ப்பவர். இப்போதெல்லாம் மணி பார்க்க யார் கடிகாரம் கட்டுகிறார்கள்? கடையில் ஈ ஓட்டுகிறார். இனி இரண்டு வயிற்றுக்கும் அவள் பணம்தான். ஈ ஓட்டிய நேரம் போக மீதி நேரத்தில் கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து மனிதர் பெரிய நிதி மேதை ஆகியிருந்தார்.

"இதைப் பாரு. 'உங்கள் ஆயுள் முழுவதும் மாத வருமானம்.' மத்ததைவிட இதுலதான் அதிகமா தர்றான்."

வீடியோவில் கோட் போட்ட ஆள் தேனொழுகப் பேசினான். அவளுக்கும் பிடித்துப்போயிற்று. உங்கள் என்றால் நம் இருவருக்கும் என்றுதான் எடுத்துக்கொண்டாள். அவள் சொன்ன "உங்கள்" எல்லாம் கூட்டத்துக்குத்தானே? "உங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒற்றை ஆளுக்கா சொன்னாள்?

ஆனாலும் வாய் ஜாலத்தில் விழுகிற ஆள் இல்லை அவள். வண்டி வருகிறது என்று எவன் வந்து கத்தினாலும், நேரக்காப்பாளரிடம் கேட்காமல் அறிவித்தது கிடையாது. வீடியோவுக்குக் கீழே இருந்த இணைப்பைத் தொடவில்லை. ஓய்வூதியத் திட்டங்களைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்தின் தளத்துக்குத் தானே முகவரி அடித்துப் போனாள். நிறுவனம் முறையாகப் பதிவானதுதான். அதுவரைக்கும் நிம்மதி. அதே தளத்தில் இன்னொரு விளக்கம் இருந்தது: பணம் கட்டியவரின் ஆயுளோடு நின்றுவிடும் திட்டம் ஒரு வகை, துணைவரின் ஆயுளுக்கும் தொடரும் திட்டம் ஒரு வகை. அப்படியானால் இது எந்த வகை?

நிறுவனத்தின் தொலைபேசி எண்ணையும் அந்தத் தளத்திலிருந்தே எடுத்து அழைத்தாள்.

"தம்பி, 'உங்கள் ஆயுள்'னு போட்டிருக்கே, அது ஒருத்தரா, ரெண்டு பேரா?"

"பணம் கட்டுறவங்க ஒருத்தர்தாங்க மேடம். 'உங்கள்'னு மரியாதைக்குப் போட்டிருக்கு."

"மரியாதை இருக்கட்டும் தம்பி. எனக்கு ஒண்ணு ஆயிட்டா என் வீட்டுக்காரருக்கு எவ்வளவு வரும்?"

மறுமுனை தொண்டையைச் செருமிக்கொண்டது. "வராதுங்க."

போனை வைத்தபோது பயந்துதான் போனாள். ஒரு மரியாதைச் சொல் இந்த மனுஷனை நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்ததே! அடுத்த நொடியே கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குத் தெளிவும் கூடவே வந்துவிடும்.

"ரெண்டு பேருக்கும் வர்ற திட்டத்தைத்தான் எடுக்கப்போறேன்," என்று கடைக்கே போய்ச் சொன்னாள்.

"அதுல மாசம் குறைச்சலா வருமே. நான் உன்னைவிட மூத்தவன். முன்னாடி போகப்போறவனுக்கு எதுக்கு அதெல்லாம்?"

"யார் முன்னாடின்னு யாரும் எழுதிக் குடுக்கல. குறைச்சலா வந்தா அதுக்குத் தகுந்த மாதிரி குடும்பம் நடத்த எனக்குத் தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்தார்.

"நீ இல்லாம அந்தப் பணத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்?"

"சாப்பிடுவீங்க," என்றாள்.